முந்நூறு மில்லிமீட்டர்

"அத்தை, அந்தப் பெரிய லென்ஸ நீங்க எடுக்கறதே இல்ல. எனக்குக் குடுத்துடுங்களேன். சும்மா வேணாம், நாப்பதாயிரம் தர்றேன்."

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் இப்படிக் கேட்டான். கல்லூரியில் விலங்கியல் படிக்கிறான். விடிந்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பைனாகுலரோடு நிற்பான். "குடுக்க மாட்டேன்டா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவன் போன பிறகு நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். பதில் வரவில்லை.

அன்று இரவு கணினியில் உட்கார்ந்து, மூன்று ஆண்டுகளில் எடுத்த படங்களை எல்லாம் லென்ஸ்வாரியாகப் பிரித்தேன். ஒவ்வொரு படத்தோடும் அது எந்த லென்ஸில், எந்தத் தேதியில், எந்த ஷட்டர் வேகத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கேமராவே எழுதி வைக்கிறது. மொத்தம் 9,400 படங்கள். அவற்றில் 300 மி.மீ. டெலி லென்ஸில் எடுத்தவை 1,120. தேதிகளை எண்ணியபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த 1,120 படங்களும் பதினொரு நாட்களில் மட்டுமே எடுத்தவை. மற்ற நாட்களில் எல்லாம் அந்த ஒன்றரைக் கிலோ கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில்தான் இருந்திருக்கிறது.

வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? வீட்டுக்குள் பேசி முடிக்கிற விஷயம்போலத்தான் தெரிகிறது. ஆனால் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லப் புறப்பட்டால் ஒளியியல், பூஞ்சை, மனித மனம், கணிதம் என்று நான்கு துறைகளைத் தொட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீளம் எதற்கு?

சிறுவயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்காதவர்கள் குறைவு. காகிதத்தில் விழுந்த அந்தச் சுடும் புள்ளி சூரியனின் படம். கண்ணாடிக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே உள்ள தூரமே குவியத் தூரம். அது 10 செ.மீ. என்றால் சூரியனின் படம் 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக விழும். 30 செ.மீ. என்றால் 2.8 மி.மீ. விழும். குவியத் தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு படமும் பெரிதாகும். டெலி லென்ஸின் அடிப்படை இவ்வளவுதான்.

சூரியனும் நிலவும் வானில் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிவதால் முழுநிலவுக்கும் இதே கணக்குதான். என் லென்ஸ் நிலவை 2.8 மி.மீ. வட்டமாகச் சென்சாரில் விழச் செய்கிறது. என் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 3.9 மைக்ரான். ஆக, நிலவின் குறுக்கே சுமார் 700 பிக்சல்கள். டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெண்கதிர்க் கோடுகள் தெளிவாகத் தெரிய இது போதும்.

பறவைக்கு வருவோம். வேடந்தாங்கலில் கரைமேல் நிற்கிறோம். மரங்கள் ஏரிக்குள் நிற்கின்றன. நமக்கும் அவற்றுக்கும் நடுவே தண்ணீர். 60 மீட்டர் தள்ளி ஒரு கிளையில் நத்தைகுத்தி நாரை. உயரம் முக்கால் மீட்டர் இருக்கும். 300 மி.மீ. லென்ஸ் அதை 3.75 மி.மீ. படமாக, ஏறத்தாழ 960 பிக்சல் உயரத்தில் தருகிறது. அன்றாடம் நான் மாட்டிச் செல்லும் ஜூம் லென்ஸ் 135 மி.மீ. வரைதான் போகும். அதில் அதே நாரை 430 பிக்சல். சாதாரண 50 மி.மீ. லென்ஸில் 160 பிக்சல். அலகின் நடுவே உள்ள இடைவெளிதான் அந்த நாரையின் அடையாளம். 160 பிக்சலில் அது ஒரு மங்கல் கோடு. 960 பிக்சலில் இரண்டு அலகுகளும் எங்கே விலகி எங்கே மீண்டும் கூடுகின்றன என்று விரல் வைத்துக் காட்டலாம்.

"நாலடி முன்னால் போய் எடுத்தால் ஆகாதா?" என்று கேட்கலாம். கோயில் கோபுரத்துக்கு ஆகும். பறவைக்கு ஆகாது. எவ்வளவு நெருங்கலாம் என்பதைப் பறவைதான் முடிவுசெய்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் அது கூட்டை விட்டு எழும், குஞ்சு வெயிலில் கிடக்கும். நம் கால்கள் போகக்கூடாத தூரத்தைக் கண்ணாடி கடப்பதுதான் இந்த லென்ஸின் நியாயம்.

குவியத் தூரம் 300 மி.மீ. என்றால் லென்ஸும் சென்சாரிலிருந்து 30 செ.மீ. நீண்டிருக்க வேண்டும் என்று தோன்றும். ஸ்கேல் வைத்து அளந்தேன். முன்கண்ணாடியிலிருந்து சென்சார்வரை 27 செ.மீ.தான். மீதி மூன்று செ.மீ. எங்கே போயிற்று? முன்னால் உள்ள குவிலென்ஸ் தொகுதி ஒளிக்கதிர்களை வேகமாகக் கூட்டுகிறது. அவை ஒரு புள்ளியில் சேர்வதற்குள் பின்னால் உள்ள குழிலென்ஸ் தொகுதி குறுக்கிட்டு, அவை கூடும் வேகத்தைத் தணிக்கிறது. சென்சாரின் இடத்திலிருந்து பார்த்தால் கதிர்கள் இன்னும் தொலைவில் உள்ள ஒரு லென்ஸிலிருந்து வருவதுபோலவே இருக்கும். குவிலென்ஸையும் குழிலென்ஸையும் இப்படி அடுக்கினால் பெரிய படத்தைத் தாளில் விழச் செய்யலாம் என்று யோகான்னஸ் கெப்ளர் 1611இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் விளக்கினார். அது புகைப்படக் கருவிக்குள் வர 280 ஆண்டுகள் ஆயின. லண்டனில் தாமஸ் டால்மேயரும், ஜெர்மனியில் அடால்ஃப் ஸ்டைன்ஹைலும் அடால்ஃப் மீத்தேயும் 1891இல் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். தன் குவியத் தூரத்தைவிடக் குட்டையாக இருப்பதே சரியான பொருளில் டெலிஃபோட்டோ.

வாயின் அகலம்

நீளத்தைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. என் லென்ஸின் பெயருக்குப் பின்னால் எஃப் 4 என்று எழுதியிருக்கிறது. குவியத் தூரத்தை நான்கால் வகுத்தால் திறப்பின் விட்டம் வரும். 300ஐ நான்கால் வகுத்தால் 75 மி.மீ. ஒரு காப்பி டம்ளரின் வாய் அளவுக்கு ஒளி உள்ளே வர வழி இருக்கிறது.

அண்ணன் மகனின் கைபேசியில் ஐந்து மடங்கு ஜூம் இருக்கிறது. அதுவும் அழகான பொறியியல்தான். கைபேசியின் தடிமனுக்குள் நீளமான லென்ஸை நிமிர்த்தி வைக்க இடமில்லை. அதனால் ஒரு முப்பட்டகத்தால் ஒளியை 90 பாகை திருப்பி, லென்ஸைப் படுக்கவைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் திறப்பு சுமார் 6 மி.மீ.தான். ஒரே பறவையிடமிருந்து வரும் ஒளியில், 75 மி.மீ. திறப்பு அதைவிட 150 மடங்குக்கும் மேல் ஏந்திக்கொள்கிறது. மழைக்கு முற்றத்தில் அண்டாவை வைப்பதற்கும் அகல்விளக்கை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. விடியற்காலை மங்கலில், பறவைகள் மும்முரமாக இரை தேடும் அந்த அரை மணி நேரத்தில், அகலில் விழும் துளிகள் போதாது. கைபேசி பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும். அசையாமல் நிற்கும் கட்டடத்துக்கு அது சரிப்படும், சிறகடிக்கும் பறவைக்குச் சரிப்படாது.

திறப்பு தீர்மானிக்கும் இன்னொன்று நுணுக்கம். ஒளி ஓர் அலை. வட்டத் துளைக்குள் நுழையும் ஒளி விளிம்பு விளைவால் பரவும். ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சிறு வட்டாகவே விழும். ஜார்ஜ் ஏரி 1835இல் அந்த வட்டின் அளவைக் கணக்கிட்டுக் காட்டினார். துளை சிறிதானால் வட்டு பெரிதாகும். 15 மீட்டர் தள்ளி மின்கம்பியில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6 மி.மீ. திறப்பால் அதன் உடலில் 1.7 மி.மீ.க்கு நெருக்கமாக உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. 75 மி.மீ. திறப்பு 0.13 மி.மீ. வரை பிரிக்கும். என் கேமராவின் ஒரு பிக்சல் அந்தத் தூரத்தில் 0.2 மி.மீ. இடத்தை மூடுகிறது. அதாவது லென்ஸுக்குத் தெரிவது கேமராவுக்குத் தெரிவதைவிட அதிகம். நாளை நுண்ணிய சென்சார் வந்தாலும் இந்த லென்ஸ் ஈடுகொடுக்கும்.

சிறிய படத்தை மென்பொருளால் பெரிதாக்கிக் கூர்மையாக்க இப்போது வழிகள் வந்துவிட்டன. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் பதிவாகாத இறகைப் பதிவானதுபோல் அது வரைந்துவிடுகிறது. கூடத்தில் மாட்டும் படத்துக்கு அது பொருட்டில்லை. பறவைக் கணக்கெடுப்புக்குப் பெரும் பொருட்டு. ஈரநிலத்தில் ஓடும் சின்னஞ்சிறு உள்ளான்களில் இரண்டு இனங்களைப் பிரிப்பது கால் நிறம். ஒன்றுக்குக் கறுப்பு, மற்றதற்கு மஞ்சள் கலந்த பச்சை. கால் என்பது படத்தில் மூன்று பிக்சல் அகலக் கோடு. அந்த மூன்று பிக்சலும் பறவையிடமிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். மென்பொருள் ஊகித்தவையாக இருந்தால் பதிவு பொய்யாகிவிடும்.

இயற்பியல் சொல்லும் தீர்ப்பு இது: இந்த லென்ஸ் செய்வதை என்னிடம் உள்ள வேறெதுவும் செய்யாது. தீர்ப்பு இத்தோடு முடிந்திருந்தால் அத்தியாயமும் முடிந்திருக்கும். ஆனால் இயற்பியல் எதிர்த்தரப்பிலும் சாட்சி சொல்கிறது.

எடை, நடுக்கம், கானல்

அந்த லென்ஸ் ஏன் மேல்தட்டிலேயே கிடக்கிறது? முதல் காரணம் எடை. 75 மி.மீ. கண்ணாடி தடிமனாகத்தான் இருக்கும். ஒரு கண்ணாடி வடிவத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எடை எட்டு மடங்காகும். போதாக்குறைக்கு நிறப்பிறழ்ச்சி. கண்ணாடி நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. குவியத் தூரம் கூடக்கூட இந்தக் கோளாறும் பெரிதாகித் தெரியும். வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதாக் கோடு விழும். அதைச் சரிசெய்யக் கூடுதல் கண்ணாடிகள் வேண்டும். எர்ன்ஸ்ட் அபே 1886 வாக்கில் நுண்ணோக்கி லென்ஸ்களில் ஃப்ளூரைட் படிகத்தை வைத்து இந்தக் கோளாற்றை அடக்கினார். பெரிய, மாசற்ற ஃப்ளூரைட் இயற்கையில் கிடைப்பது அரிது. செயற்கையாக வளர்த்த படிகத்தோடு 1969இல் கேனான் 300 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. இப்போது வேறொரு வழியும் வந்திருக்கிறது. மெல்லிய வட்ட வரிகள் செதுக்கிய கண்ணாடி ஒன்றைச் சேர்த்தால் கனத்த கண்ணாடிகள் சிலவற்றைக் குறைத்துவிடலாம். நிக்கான் தன் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸை 2015இல் இப்படி மாற்றியமைத்தபோது எடை 1,440 கிராமிலிருந்து 755 கிராமாகக் குறைந்தது. என்னுடையது பழைய வகை. தோள்பையில் போட்ட பத்தாவது நிமிடமே அது தன் இருப்பைச் சொல்லத் தொடங்கிவிடும்.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னையில் வாழ்ந்து, 1996இல் மறையும் வரை கானுயிர்களைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். ஒரு நிறுவனத்தின் கேமராவில் இன்னொரு நிறுவனத்தின் டெலி லென்ஸைப் பொருத்தித் தனக்கு வேண்டிய கருவியைத் தானே சமைத்துக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கனம் என்ற பொருளை அந்தப் பெயரே சுமக்கிறது. கருவி கனமாக இருப்பது ஒரு பொருட்டல்ல, அதைச் சுமக்கும் அளவுக்கு வேலை இருக்கிறதா என்பதே பொருட்டு என்று அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வி நேராக என்னை நோக்கித் திரும்புகிறது.

இரண்டாவது, கை நடுக்கம். எவ்வளவு திடமான கையும் நொடிக்குப் பத்து முறை அளவில் நுண்மையாக நடுங்கிக்கொண்டே இருக்கும். 300 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சலுக்குரிய கோணம் மிகச் சிறியது. கேமரா அசையாமல் இருக்க, 27 செ.மீ. தள்ளியிருக்கும் லென்ஸின் முனை மட்டும் மூன்றரை மைக்ரான் அசைந்தால் போதும், படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். மூன்றரை மைக்ரான் என்பது தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு. நொடியில் 300இல் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வை என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த விதியின் காரணம் இதுதான். நடுக்கத்தை உணர்ந்து ஒரு கண்ணாடியை எதிர்த்திசையில் நகர்த்தும் லென்ஸை 1995இல் கேனான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. என் லென்ஸில் அந்த வசதி இல்லை. ட்ரைபாடையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

மூன்றாவது, காற்று. காலை ஒன்பது மணிக்கு மேல் தரை சூடேறியதும் வெப்பக்காற்றும் குளிர்காற்றும் கலந்து அலைபாயும். ஒவ்வொரு காற்றுப் பொட்டலமும் ஒரு கோணல் லென்ஸ்தான். கோடியக்கரை உப்பளங்களில் நண்பகலில் பூநாரைக் கூட்டத்தை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் கானலில் கரைந்த இளஞ்சிவப்புத் திட்டுகள்தான் கிடைக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் படத்தின் கூர்மையைப் பெரும்பாலும் காற்றுதான் தீர்மானிக்கிறது. என் பதினொரு நாள் படங்களை மணிவாரியாகப் பார்த்தேன். நான் வைத்துக்கொள்ள விரும்பியவை ஏறக்குறைய எல்லாமே காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் எடுத்தவை.

அலமாரியில் வளர்ந்தது

கணக்குகளை முடித்த மறுநாள் லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி, திறப்பை முழுதாகத் திறந்துவைத்து, பின்பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். தூசிகள் நட்சத்திரங்களைப் போல மின்னின. அவற்றால் கெடுதல் இல்லை. கண்ணாடியை மெல்லத் திருப்பினேன். உள்ளே பின்பக்கக் கண்ணாடி ஒன்றின் ஓரத்தில், கொத்தமல்லி விதை அளவில், சிலந்தி வலை போல ஒன்று. நடுவிலிருந்து வெளியே கிளைகிளையாகப் பிரிந்திருந்தது. தூசி கிளைவிடாது. அது பூஞ்சை.

பூஞ்சையின் வித்துகள் எங்கும் மிதக்கின்றன. லென்ஸ் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே சில இருக்கக்கூடும். அவை முளைக்க வெளிச்சம் வேண்டாம். ஈரமும் கொஞ்சம் உணவும் போதும். விரல் எண்ணெய், தூசியில் உள்ள நார், லென்ஸுக்குள் பூசிய மசகு என எதையாவது தின்னும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் உறங்கும். வடகிழக்குப் பருவமழையில் சென்னை வீட்டு அலமாரிக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். இழைகள் படர்ந்த பிறகு அவை வெளிவிடும் அமிலங்கள் கண்ணாடிமேல் உள்ள மெல்லிய பூச்சையும், நாளடைவில் கண்ணாடியையே கூடவும் அரிக்கும். துடைத்தாலும் தடம் போகாது. இரண்டாம் உலகப்போரில் நியூகினியின் மழைக்காடுகளில் படைகளின் பைனாகுலர்களும் தொலைநோக்கிகளும் இப்படித்தான் பூத்துக் குருடாயின. அவற்றைக் காக்கப் பூஞ்சைக்கொல்லி தேடுவதே அப்போது ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளின் வேலைகளில் ஒன்றாயிற்று.

பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "ஓரத்துலதான் இருக்கு மேடம், கோட்டிங் போகல. இன்னொரு மழைக்காலம் இப்படியே விட்டிருந்தீங்கன்னா கண்ணாடியே போயிருக்கும்" என்றார். 2,500 ரூபாய்க்குச் சுத்தம் செய்துகொடுத்தார். "எடுத்து எடுத்து வெளிய கொண்டுபோங்க. வெளிச்சமும் காத்தும் பட்டாலே பாதிப் பூஞ்சை வராது" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்னது அறிவியலோடு ஒத்துப்போகிறது. புறஊதாக் கதிர் பூஞ்சைக்கு ஆகாது. உலர்ந்த காற்றும் ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். நிறம் மாறும் வகை சிலிகா ஜெல் ஈரம் ஏறியதும் வேறு நிறத்துக்குப் போய்த் தானே அறிவிக்கும். சூடாக்கினால் ஈரம் போய் மறுபடியும் உதவும். தோல் உறையிலும் துணிப்பையிலும் லென்ஸை மாதக்கணக்கில் மூடிவைப்பதுதான் மிகக் கெடுதல், அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

ஒரு பொருளைச் சும்மா வைத்திருந்தால் அது அப்படியே இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இருக்கவில்லை. நான் முடிவெடுக்காமல் இருந்த மூன்று ஆண்டும் பூஞ்சை தன் முடிவை எடுத்துக்கொண்டிருந்தது.

மனம் போடும் விலை

இனி, "குடுக்க மாட்டேன்" என்று என் வாயிலிருந்து சட்டென்று வந்த சொல்லைப் பார்ப்போம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனை ஒன்று புகழ்பெற்றது. மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பை ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு, வைத்திருப்பவர்களிடம் என்ன விலைக்கு விற்பீர்கள் என்றும், மற்றவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றும் கேட்டார்கள். விற்பவர்கள் கேட்ட விலை வாங்குபவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோப்பை கைக்கு வந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. என் லென்ஸ் ஒன்பது ஆண்டுகளாக என்னுடையது.

இன்னொரு சோதனை 1985இல் வெளிவந்தது. ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்கியவர்களில் சிலருக்கு முழு விலை 15 டாலருக்கும், சிலருக்கு 2 டாலர் தள்ளுபடியிலும், சிலருக்கு 7 டாலர் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல்போல அமைந்தது. பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான். கொடுத்த பணம் திரும்பி வராது என்பதும் ஒன்றுதான். இருந்தும் போன பணம் அவர்களைப் பிடித்து இழுத்தது. நான் அந்த லென்ஸை வாங்க இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டினேன். என் "மாட்டேன்" என்ற சொல்லில் எவ்வளவு லென்ஸ், எவ்வளவு அந்தச் சீட்டுப் பணம்?

இதற்கு ஒரு மருந்து உண்டு. கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். "இன்று இந்த லென்ஸ் என்னிடம் இல்லை, கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. கடைக்குப் போய் இதை வாங்குவேனா?" மொட்டைமாடியில் நடந்தபடி அரை மணி நேரம் யோசித்தேன். வாங்க மாட்டேன். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை.

ஆறு நாள்

மனம் சொல்வதை நம்ப முடியாதபோது தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. வைத்திருப்பதற்கு ஆண்டுக்கு என்ன செலவாகிறது? பழைய லென்ஸின் விலை ஆண்டுக்கு 3,000 ரூபாய் குறையும் என்று வைத்துக்கொண்டேன். 40,000 ரூபாயை வங்கியில் போட்டால் 7 சதவீதத்தில் 2,800 ரூபாய் வட்டி. சிலிகா ஜெல், டப்பா எல்லாம் சேர்த்து 200 ரூபாய். ஆக 6,000. எங்கள் பகுதிக் கடையில் இதே வகை லென்ஸ் ஒரு நாள் வாடகை 1,000 ரூபாய். ஆண்டுக்கு ஆறு நாளுக்கு மேல் பயன்படுத்தினால் வைத்திருப்பது லாபம். ஆறுக்குக் கீழே என்றால் விற்றுவிட்டு வாடகைக்கு எடுப்பது லாபம். என் கணக்கு மூன்று ஆண்டில் பதினொரு நாள், ஆண்டுக்கு நாலுகூட வரவில்லை.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. அந்தப் பதினொன்றில் எட்டு நாட்கள் முன்கூட்டியே திட்டமிட்டுப் போனவை. மூன்று நாட்கள் திடீரென வந்தவை. அதில் ஒன்று, பக்கத்து மனையின் முருங்கையில் செம்போத்து வாயில் ஓணானோடு வந்து உட்கார்ந்த காலை. வாடகைக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது போயிருக்கும். கைக்கெட்டும் இடத்தில் இருப்பதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அதற்கும் லென்ஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மேல்தட்டில் மூன்று பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தால் அந்த மதிப்பும் இல்லை.

வாங்க வந்த அண்ணன் மகனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கணினி அறிவியலில் இதைப் பனிச்சறுக்குக் கணக்கு என்கிறார்கள். சறுக்குக் கட்டையை வாங்குவதா, நாள் வாடகைக்கு எடுப்பதா? எத்தனை நாள் சறுக்கப் போகிறோம் என்பது தெரியாது. விதி எளியது: கட்டிய வாடகை விலையை எட்டும் வரை வாடகைக்கு எடு, எட்டியதும் வாங்கு. ஆர்வம் பத்தாம் நாளே போய்விட்டால் 10,000 ரூபாயோடு முடிந்தது. நாற்பது நாளையும் தாண்டி நீடித்தால், வாடகையும் விலையுமாக மொத்தச் செலவு 80,000 ரூபாயை மிஞ்சாது. எல்லாம் முன்கூட்டியே தெரிந்த ஒருவர் செலவழித்திருப்பதைப் போல அது அதிகபட்சம் இரண்டு மடங்கு. வருங்காலம் தெரியாத நிலையில், சூதாட்டம் கலக்காத எந்த விதியும் இதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நல்ல உறுதியைத் தர முடியாது என்று நிரூபித்திருக்கிறார்கள்.

இரண்டு கணக்கையும் அவன் முன்னால் வைத்தேன். ஒரு முடிவுக்கு வந்தோம். சோதனை முடிந்த பிறகு எதை வெற்றி என்று சொல்வது என யோசிக்க ஆரம்பித்தால் மனம் தனக்குப் பிடித்ததைத்தான் வெற்றி என்று சொல்லும். அதனால் அறிவியலில் அளவுகோலை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். நாங்களும் எழுதினோம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, வலசைப் பறவைகள் இங்கே இருக்கும் ஐந்து மாதம். அதற்குள் நான் ஆறு நாள் அந்த லென்ஸை எடுத்தால் அது என்னிடமே இருக்கும். எடுக்காவிட்டால் பேசிய விலைக்கு அவனுடையது. அதுவரை, நான் எடுக்காத நாட்களில் அவன் எடுத்துப் போகலாம். வாடகை, ஒவ்வொரு முறையும் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்துத் திருப்பி வைப்பது. ஓர் அட்டையில் இரண்டு கட்டம் போட்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினோம். லென்ஸ் மேல்தட்டிலிருந்து வாசல் பக்கத்து மேசைக்கு வந்தது.

இதை எழுதுவது தை மாதக் கடைசியில். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு நான் எடுத்துப் போனது ஒன்று, வேடந்தாங்கலுக்கு ஒரு முறை, மார்கழியில் ஒரு முழுநிலவு. என் கட்டத்தில் மூன்று கோடு. போன ஞாயிறு அவன் பள்ளிக்கரணையிலிருந்து சேற்றுக் காலோடு வந்தான். கேமராவின் திரையைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினான். தண்ணீரோரம் ஒரு சின்ன உள்ளான். "கால் பாருங்க அத்தை." மஞ்சள் கலந்த பச்சை, சந்தேகமே இல்லை. பிறகு லென்ஸைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, மூடியைத் திறந்து தன் கட்டத்தில் ஒரு கோடு போட்டான்.

அது பதினொன்றாவது கோடு. எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.